பரமதத்தன் ஏன் கப்பல் ஏறினான்?

வருஷத்துக்கு ஐந்தாறு தடவை நான் காரைக்காலுக்குப் போகிறேன். செம்பவாங்கில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. இழுவைப் படகுகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறோம்: ரப்பர் தடுப்பு, கயிறு, பம்பு, அதற்கான வாஷர். சாங்கியிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் விமானம். திருச்சியிலிருந்து இன்னொரு நாலு மணி நேரம் கார். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர். நாகூரைத் தாண்டினதும் வாஞ்சூர். அங்கே சாலையோரம் திடீரென்று மதுக்கடைகள் கூடும், டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைப்பார், புதுச்சேரி மாநிலம் வந்துவிட்டது என்று அர்த்தம். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராட்டியரிடமிருந்து வாங்கிய துறைமுகம். நடுவில் ஆங்கிலேயர் பிடித்ததும் விட்டதும் போக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கொடிதான் அங்கே பறந்தது. இப்போது அரசலாற்று முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. பெரிய கப்பல்களுக்கு வாஞ்சூர்ப் பக்கம் 2009இல் புதுத் துறைமுகம் வந்துவிட்டது. எனக்கு வேலை அங்கேதான்.

பயணக்கட்டுரை எழுதும் எண்ணம் எனக்கில்லை. ஒரே ஊருக்கு ஒரே சாலையில் இருபது தடவை போனவனால் பயணக்கட்டுரை எழுதவும் முடியாது. முதல் தடவை கண்ணில் பட்டதெல்லாம் நாலாவது தடவையில் காணாமல் போய்விடும். பெரியபுராணத்தில் வரும் ஒரு மனிதரைப் பற்றித்தான் இங்கே சொல்லவேண்டும். அவரை நான் அந்தக் காரின் பின்சீட்டில்தான் ஒழுங்காகப் படித்தேன்.

நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் கூடிப் படிக்கிறோம். போன வருஷம் காரைக்காலம்மையார் புராணம் எடுத்தோம். 66 பாட்டு. பேசியவர்கள் எல்லோரும், வயது வித்தியாசமே இல்லாமல், பரமதத்தனை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். மனைவியின் பெருமை புரியாதவன், பயந்து ஓடினவன். கொஞ்சம் கோட்பாடு படித்த ஒரு தம்பி மட்டும், புனிதவதி தன் உடலை உதறியது ஆணின் பார்வைக்கு எதிரான செயல் என்று விரிவாகச் சொன்னான். நல்ல வாசிப்புதான், மறுக்கமாட்டேன். ஆனால் அதிலும் பரமதத்தன் ஒரு படிக்கட்டு. அம்மையார் மிதித்து ஏறிப்போக ஒரு ஆள். ஏ.பி. நாகராஜன் 1973இல் எடுத்த படத்தில் முத்துராமன் அந்த வேஷத்தில் நடித்தார். அதைப் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கே.பி. சுந்தராம்பாளின் குரல் நினைவிருக்கும், லட்சுமி நினைவிருப்பார். முத்துராமன்? கொஞ்சம் யோசிப்பார்கள்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த மாதப் பயணத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட்டின் பெருமை டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். இஞ்சினை நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணன் இறங்கி டீ குடிக்கப் போனார். நான் போனில் புராணத்தைத் திறந்தேன். இந்தத் தடவை அம்மையாரை விட்டுவிட்டு அந்த ஆளை மட்டும் பின்தொடர்ந்தேன்.

சேக்கிழார் அவனைப் பற்றித் தரும் முதல் முக்கியமான தகவலை நாம் யாரும் கவனிப்பதில்லை. பரமதத்தன் காரைக்கால்காரன் இல்லை. நாகப்பட்டினத்து வணிகன் நிதிபதியின் மகன். கல்யாணம் ஆனபின் மனைவியை நாகைக்குக் கூட்டிப்போகவில்லை. தனதத்தனுக்கு ஒரே மகள். அவளைப் பிரிய மனமில்லாமல் தன் வீட்டுப் பக்கத்திலேயே மாடம் கட்டிக் கொடுத்து, பெரும் செல்வமும் கொடுத்து மருமகனை அங்கேயே இருத்திக்கொள்கிறார். நம் பேச்சுவழக்கில் சொன்னால் வீட்டோடு மாப்பிள்ளை. நாகைக்கும் காரைக்காலுக்கும் காரில் அரை மணி நேரம், கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனாலும் மாமனார் மதில் நிழலில் வாழ்கிறவனுக்கு அந்தத் தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உங்களில் சிலருக்கும் தெரியும்.

இரண்டாவது, அந்த மாங்கனிகள். அவை வீட்டுத் தோட்டத்துக் கனிகள் இல்லை, கடைத்தெருவில் வாங்கியவையும் இல்லை. காரியமாக அவனைப் பார்க்க வந்த சிலர் கொடுத்தவை. அவன் வாங்கிக்கொள்கிறான், வந்தவர்களுடைய வேலையை முடித்துக் கொடுக்கிறான், பிறகு கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். எங்கள் தொழிலில் தீபாவளிக்கு வரும் முந்திரிப் பெட்டி மாதிரி. வியாபாரத்தில் வந்த ஒரு பொருள் வீட்டுக்குள் நுழைகிறது. அங்கே பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார், கறி இன்னும் ஆகவில்லை, புனிதவதி சோற்றோடு ஒரு கனியைப் படைத்துவிடுகிறாள். அந்த இடத்தில் அது கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறது. இரண்டு வந்தது, ஒன்று செலவு, மிச்சம் ஒன்று. ஆனால் மதியம் கணவன் சாப்பிட்டு முடிக்கும்போது இலையில் விழுந்த கனிகள் இரண்டு. ஒரு வணிகனின் மூளைக்கு இதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? ருசி வேறாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். அவள் உள்ளதைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வாங்கிக் காட்டு என்கிறான். அவள் வாங்கிக் கொடுக்க, அது அவன் கையில் பட்டதும் மறைகிறது.

இந்தக் கடைசிக் கனியைப் பற்றித்தான் நாங்கள் மாடியில் அரை மணி நேரம் பேசியிருக்க வேண்டும். சந்தேகத்துக்கான தண்டனை என்று ஒரு வரியில் கடந்துவிட்டோம். ஆனால் அவளுக்குக் கிடைக்கிறது, அவனுக்கு நிற்பதில்லை. ஒரே கூரையின் கீழ் ஒருத்தி கேட்டால் பதில் வரும் இடம் ஒன்று இருக்கிறது, இன்னொருவனுக்கு அந்த இடமே இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவன் செய்வது என்ன? கத்தவில்லை, மாமனாரிடம் போய் முறையிடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. யாரிடமும் சொல்லாமல், அவளைத் தொடாமல், அதே வீட்டில் நாட்களைக் கடத்துகிறான். பிறகு, கடல் கடந்து போய்ப் பொருள் ஈட்டி வருகிறேன் என்கிறான்.

அதற்கப்புறம் சேக்கிழார் காட்டும் நிதானத்தைப் பாருங்கள். உறவினரான வணிகர்கள் சம்மதித்துக் கப்பல் செய்துகொடுக்கிறார்கள். போகும் தேசத்துக்கு ஏற்ற சரக்குகளைப் பார்த்து ஏற்றுகிறான். கடல் தெய்வத்தை வணங்குகிறான். நல்ல நாள் பார்த்துப் புறப்படுகிறான். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர், துறைமுகத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். ஆனால் இந்த விவரங்களுக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் இல்லை. ஏன் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வணிகனிடம் யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். வீட்டை விட்டுப் போகிற மற்ற எல்லோரும் காரணம் சொல்லியாக வேண்டும். துறவி சொல்லவேண்டும், மகளைப் பார்க்கப் போகிற அம்மாகூடச் சொல்லவேண்டும். வியாபாரத்துக்குப் போகிறவன் மட்டும் போகலாம். வாழ்த்தி, சரக்கு ஏற்றி அனுப்பியும் வைப்பார்கள்.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். காரைக்கால் வேலை முதலில் என்னுடையது இல்லை, கூட வேலை செய்யும் ஒருவருடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு இரண்டாவது குழந்தை ஒன்று பிறக்காமலே போனது. அதற்குப் பிறகு என் மனைவி ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அடுக்களையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள். என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீங்க தூங்குங்க" என்பாள். அவள் எங்கேயோ போய்விட்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றும். அந்த இடத்துக்கு எனக்கு வழி தெரியாது. அந்த மாதமே மேனேஜரிடம் போய், காரைக்கால் கஸ்டமரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். மாமியாரும் சந்தோஷப்பட்டார், சம்பளம் கூடும் என்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சரி, புராணத்துக்கு வருகிறேன். பரமதத்தனைப் புரிந்துகொள்ளக் கோவலனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது உதவும். பூம்புகார் காரைக்காலுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரத் தொலைவு. அவனும் வணிகர் மகன், அவனும் மனைவியைப் பிரிந்தவன், அவனும் பாண்டிய நாட்டில்தான் போய் நிற்கிறான். ஆனால் கோவலன் வியாபாரம் செய்வதைச் சிலப்பதிகாரத்தில் நாம் பார்ப்பதே இல்லை. அவன் நம் கண்முன் விற்கப் போகும் ஒரே பொருள் மனைவியின் சிலம்பு, அந்த விற்பனை அவன் உயிரை எடுக்கிறது. பரமதத்தன் வியாபாரத்தில் ஜெயித்தவன். போன தேசத்தில் விற்று வாங்கி, நிறைய சம்பாதித்து, திரும்பி வரும்போது கப்பலைக் காரைக்காலுக்கு விடாமல் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் கொண்டு நிறுத்துகிறான். அங்கே ஒரு வணிகரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பழசை வெளியே கசியவிடாமல், மனசுக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு, முகமலர்ச்சியோடு வாழ்கிறான் என்று சேக்கிழார் சொல்லும் இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு நின்றது. பொதி என்பது மூட்டைக்கும் பெயர். சரக்கைக் கட்டுவது மாதிரி விஷயத்தைக் கட்டி உள்ளே வைத்திருக்கிறான். பயந்தாங்கொள்ளிக்கு இவ்வளவு நாள் சிரித்த முகத்தோடு இருக்க வராது. அதற்கு வேறு திறமை வேண்டும், விற்பனை வேலையில் இருப்பவர்களுக்கு அது பழக்கம்.

கோவலனுக்குக் கிடைத்த வாசகர்கள் இவனுக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். செத்துப்போனதால் கோவலனை மன்னித்தோம். நன்றாக வாழ்ந்ததால் இவனை மன்னிக்கவில்லை. நவீனத் தமிழில் வணிகனின் பயணத்தை உள்ளிருந்து எழுதியவர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ப. சிங்காரம். 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யில் மெடானிலும் பினாங்கிலும் கடையாட்கள் கொடுக்கல் வாங்கலைப் பேசிக்கொண்டே ஊரை நினைக்கிறார்கள். பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் ஓயாமல் திரும்பி வருகின்றன. பரமதத்தனுக்கு அந்த ஏக்கமே கிடையாது. அவனுக்குத் திரும்பிப்போக ஒரு தெரு இல்லை, காரைக்கால் மாமனார் தெரு. அவன் எடுத்துக்கொண்டு போனது ஒரு பெயர் மட்டும். பாண்டிய நாட்டில் பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று வைக்கிறான். ஒருநாளைக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான்! சாப்பிட வா, தூங்கு, ஓடாதே. மறைத்து வைத்த விஷயத்தின் பெயரை வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான், யாருக்கும் தெரியாமல்.

இவ்வளவும் சொல்லி நான் பரமதத்தனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். இவனை ஒழுங்காகப் படித்தால்தான் அவளுக்கு நடந்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது கண்ணில் படுகிறது. வீட்டில் புரியாத ஒன்று நடந்தபோது அவனுக்கு ஒரு கப்பல் இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது? அவன் விட்டுப்போன வீட்டில் இல்லறம் வழுவாமல் இருக்கிறாள். அவன் பாண்டிய நாட்டில் இருப்பது தெரிந்ததும் உறவினர்கள் அவளைச் சிவிகையில் ஏற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். கவனியுங்கள், போனாள் என்பதைவிடக் கொண்டுபோனார்கள் என்பதே சரி. ஊருக்கு வெளியே இறக்குகிறார்கள். அவன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவள் காலில் விழுகிறான். கணவன் மனைவியின் காலில் விழுவதா என்று சுற்றத்தார் கேட்க, அப்போதுதான் முதல் தடவையாக வாய் திறக்கிறான். இவர் மானுடப் பெண் இல்லை, தெய்வம், அதைத் தெரிந்துகொண்டுதான் விலகினேன் என்கிறான். கட்டிவைத்த பொதி கடைசியில் நடுத்தெருவில் பிரிகிறது. அதற்கு அவள் அவனிடம் ஒரு வார்த்தையும் பதில் சொல்வதில்லை. இவனுக்காகச் சுமந்த சதை இனி வேண்டாம் என்று சிவனிடம் கேட்டு வாங்கிப் பேய் உருவம் கொள்கிறாள். அதற்கு அப்புறம் அவளை யாரும் தூக்கிப்போக வேண்டியதில்லை. கயிலைக்குத் தலையாலேயே போகிறாள். ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு ஒரு இடம் போய்ச்சேர அத்தனையும் உதறவேண்டியிருந்தது. அவனுக்கு நல்ல நாளும் கொஞ்சம் சரக்கும் போதும்.

அவள் போன தூரமும் சாதாரணமில்லை. கம்போடியாவில் பண்டேய் ஸ்ரெய் என்ற கோயில், 967இல் எழுந்தது. அங்கே ஆடும் சிவனுக்குப் பக்கத்தில் வற்றிப்போன மார்போடு உட்கார்ந்திருக்கும் உருவத்தைக் காரைக்காலம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அதாவது, அவர் பரமதத்தனைக் கப்பலில் ஏற்றி அனுப்புவதற்குக் குறைந்தது 150 வருஷம் முன்பே அம்மையார் கடலைக் கடந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோனவர்களில் வணிகர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் கம்போடியாவும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்தது. அதே கொடியின் நிழலில் காரைக்கால் தமிழர்கள் சைகோனுக்கு வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். இந்த ஊரில் இன்னும் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. பாண்டிச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூல்வரிசையில் முதல் எண் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? காரவேலன் பிரெஞ்சில் மொழிபெயர்த்த காரைக்காலம்மையார் பாடல்கள், 1956. கொடி இறங்கி இரண்டு வருஷம் கழித்து அம்மையார் பிரெஞ்சு பேசினார். பரமதத்தன் இறங்கிய பட்டினத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

போன ஆனி மாதம் என் வேலை மாங்கனித் திருவிழாவோடு மோதிக்கொண்டது. காரைக்காலில் ரூம் கிடைக்காமல் நாகூரில் தங்கினேன். திருவிழா எப்படித் தொடங்குகிறது தெரியுமா, மாப்பிள்ளை அழைப்பில். பரமதத்தனை அலங்காரம் செய்து, மேளத்தோடு ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். மறுநாள் திருக்கல்யாணம். பிறகு பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே கூட்டம் புடவையையும் துண்டையும் விரித்துப் பிடிக்கும். ஓடிப்போனவனை ஊர் வருஷாவருஷம் மாப்பிள்ளையாக அழைத்து வந்து அம்மையார் பக்கத்தில் உட்காரவைக்கிறது. இலக்கிய வாசகர்கள் செய்யாததைக் காரைக்கால்காரர்கள் செய்கிறார்கள். டிரைவர் அண்ணன் மேல்துண்டில் ஒரு பழம் பிடித்தார். பாதி எனக்கு. சாதாரண மாம்பழம்தான், கொஞ்சம் நசுங்கியிருந்தது.

ஊருக்கு வந்தபின் மனைவியிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். செம்பவாங் பூங்காவில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மகள் தண்ணீர் ஓரத்தில் நண்டு தேடிக்கொண்டிருந்தாள். காரைக்கால் வேலையை ஏன் கேட்டு வாங்கினேன் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரெண்டாவது பொண்டாட்டிக்குப் பேரு என்ன?" என்றாள்.

பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை என்றேன்.

"அன்னைக்கு அவங்க மூணு பேரும் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாங்கல்ல? நடந்தே போயிருப்பாங்களா?"

அதையும் சொல்லவில்லை. அம்மையார் கயிலைக்குக் கிளம்பியதும் பாட்டு அவரோடு போய்விடுகிறது. அந்த மூன்று பேர் ஊருக்கு வெளியே நிற்கிறார்கள். பெயரில்லாத ஒரு மனைவி, முதல் தடவையாக எல்லாவற்றையும் கேட்டு முடித்தவள். தன் பெயர் யாருடையது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்ட ஒரு சிறுமி. இனி எங்கேயும் கப்பல் ஏற முடியாத ஒரு வணிகன்.

"அதை யாராவது எழுதியிருக்கணும்" என்றாள் அவள். பிறகு மகளைக் கூப்பிட எழுந்துபோனாள்.